மாக்கோழியும் கணிப்பொறித் துப்பாக்கியும்

மலருக்குக் கட்டுரை கேட்டு சங்கத்து நண்பர்கள் கடைக்கு வந்தபோது, வழக்கம்போல் சமணக் கல்வெட்டைப் பற்றியோ பழைய மட்டாஞ்சேரி மிளகு வியாபாரத்தைப் பற்றியோதான் எழுதுவேன் என்று நினைத்திருந்தார்கள். "இந்தத் தடவை கம்ப்யூட்டர் துப்பாக்கி விளையாட்டைப் பத்தி எழுதறேன்" என்றதும் ஒருவர் சிரித்தே விட்டார். அறுபது தாண்டிய ஆள், அதிலும் எறும்பு மிதிபடாமல் நடக்க வேண்டும் என்று சொல்லி வளர்த்த குலம், இதில் இவருக்கு என்ன வேலை என்று தோன்றியிருக்கும். வேலை இருந்தது. வீட்டில் வழக்கு.

என் பேரனுக்கு வயது 13. சாயங்காலம் பள்ளிவிட்டு வந்ததும் கணிப்பொறி முன்னால் உட்கார்ந்துவிடுகிறான். எங்கள் வீட்டில் பொழுது சாய்வதற்கு முன் சாப்பாடு முடிந்துவிட வேண்டும். மார்கழி மாதத்தில் கொச்சியில் ஆறேகால் வாக்கில் சூரியன் இறங்கிவிடும். மருமகள் தட்டு வைத்துக் கூப்பிட்டால், "இப்ப எழுந்தா பெனால்ட்டி, இன்னும் இருபது நிமிஷம்" என்று பதில் வரும். ஒருநாள் அவள் பொறுக்க முடியாமல், "மாமா, இதை வித்துடலாம். அகிம்சைன்னு பாடம் சொல்றோம், பையன் தினம் அம்பது பேரைச் சுடறான்" என்று அழுதுவிட்டாள். மகனோ, "நான் சின்ன வயசுல ஆடாததா? நான் என்ன கொலைகாரனாவா ஆயிட்டேன்?" என்றான். இரண்டு பேரும் தீர்ப்பை என்னிடம் விட்டார்கள். ஒன்றைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. மூன்று மாதம் பேரன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன், படித்தேன், கேட்டேன். அந்த விசாரணைதான் இந்தக் கட்டுரை.

முதலில் பெயர். இந்த வகை ஆட்டத்தை ஆங்கிலத்தில் 'ஃபர்ஸ்ட் பர்சன் ஷூட்டர்' என்கிறார்கள். நம் இலக்கணக்காரர்கள் சொல்லும் தன்மை, முன்னிலை, படர்க்கை இருக்கிறதல்லவா, அதில் இது தன்மை. திரையில் ஆடுபவனுடைய உருவம் தெரியாது. துப்பாக்கி பிடித்த கைகள் மட்டும் கீழே தெரியும். மற்றதெல்லாம் அவன் கண்ணால் காணும் காட்சி. கிரிக்கெட் விளையாட்டில் ஒரு பொம்மையை நீங்கள் ஆட்டுவிக்கிறீர்கள். இதில் ஆட்டுவிக்கப் பொம்மை இல்லை, நீங்களேதான் உள்ளே போகிறீர்கள். இதன் பலமும் இதுதான், பலவீனமும் இதுதான் என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

இதற்கு வித்து 1973-74-ல் அமெரிக்காவின் நாசா ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் மாணவர்கள் எழுதிய 'மேஸ்' என்ற புதிர்ப்பாதை ஆட்டம். ஆனால் உலகம் முழுக்கப் பரவியது 'ஐடி சாஃப்ட்வேர்' என்ற சிறிய கம்பெனியால். 1992-ல் 'வுல்ஃபென்ஸ்டைன் 3டி', 1993 டிசம்பரில் 'டூம்'. ஜான் கார்மக், ஜான் ரொமேரோ என்ற இரண்டு வாலிபர்கள் அதில் முக்கியமானவர்கள். டூமை விற்ற விதம் ஒரு வியாபாரியாக எனக்கு ரொம்பப் பிடித்தது. மூன்று பாகத்தில் முதல் பாகத்தை இலவசமாக விட்டுவிட்டார்கள்; நகல் எடுத்து நண்பனுக்கும் கொடு என்றார்கள். ஆடிப் பார்த்துப் பிடித்தவன் பணம் கட்டி மீதி இரண்டை வாங்கினான். எங்கள் பஜாரில் மிளகு மாதிரியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து அனுப்புகிற அதே முறைதான்.

டூமில் நீங்கள் காணும் ஆழம் பாதி கண்கட்டு வித்தை. ஒரு அறைக்கு மேல் இன்னொரு அறை அதில் வைக்கவே முடியாது. எதிரிகள் உருவம் அல்ல, அட்டை. எட்டுத் திசையிலிருந்து வரைந்த படங்களை நீங்கள் நிற்கும் கோணத்துக்கு ஏற்ப மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். அன்றைய கணிப்பொறிக்கு அவ்வளவுதான் திராணி. 1996-ல் வந்த 'குவேக்'கில்தான் எதிரிகளும் அறைகளும் உண்மையான முப்பரிமாணமாயின. 1998-ல் வால்வ் என்ற கம்பெனியின் 'ஹாஃப் லைஃப்', ஆட்டத்தை நிறுத்திவிட்டு நடுவில் சினிமா காட்டுகிற பழக்கத்தை விட்டு, கதை முழுவதையும் ஆடுபவன் கண் வழியாகவே சொன்னது. அதன்மேல் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு ரசிகர்கள் 1999-ல் கட்டிய ஒட்டு ஆட்டம்தான் 'கவுண்டர் ஸ்ட்ரைக்'. அடுத்த ஆண்டே வால்வ் அதை வாங்கி விற்க ஆரம்பித்தது. ரசிகன் எழுதிய ஒட்டு, மூல ஆட்டத்தைவிட நீண்ட காலம் வாழ்கிறது. உரை மூலத்தை விஞ்சுவது நம் இலக்கியத்திலும் நடந்திருக்கிறது.

நம் நாட்டுக் கதை இதிலிருந்து கொஞ்சம் வேறு. 2000-களின் தொடக்கத்தில் இந்தியாவில் இன்டர்நெட் கடைகளில் பையன்கள் மொய்த்துக் கிடந்தது 'ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ.'க்கு. நார்வே நாட்டு 'இன்னர்லூப்' என்ற கம்பெனி செய்து 2000 டிசம்பரில் வந்தது. மற்ற நாடுகளில் அதை மறந்தே போனார்கள். இங்கே அந்தத் தலைமுறைக்கு டேவிட் ஜோன்ஸ் என்ற பெயர் சொன்னால் போதும், முகம் மலரும். என் மகனும் தோப்பும்படி பக்கம் ஒரு கடையில் டியூஷன் காசைக் கொடுத்து ஆடியிருக்கிறான் என்பது இருபது வருஷம் கழித்து இந்த விசாரணையில்தான் வெளிவந்தது!

மகனைச் சாட்சியாக வைத்துக் கேட்டேன்: அப்படி அதில் என்ன இருந்தது? அவன் சொன்னது, "இடம்ப்பா. மத்த கேம்ல ஒரு குகைக்குள்ள ஓடணும். இதுல மலை மேல படுத்துக்கிட்டு, பைனாகுலர்ல பார்த்து, எந்தப் பக்கம் காவல் குறைவுன்னு யோசிச்சு இறங்கலாம்." விமானப் பயிற்சி ஆட்டத்துக்காகச் செய்த மென்பொருளைக் கொண்டு கட்டியதால் அதில் வெளி பரந்து கிடந்தது. குறையையும் அவனே சொன்னான். மொத்தம் 14 பணிகள். ஒரு பணியின் நடுவில் சேமித்து வைக்க வழியில்லை. முக்கால் மணி நேரம் பதுங்கிப் பதுங்கிப் போய் கடைசி வாசலில் ஒரு குண்டு பட்டால் திரும்ப முதலிலிருந்து. காவலாளிகளுக்கும் புத்தி மட்டு. பக்கத்தில் இருப்பவன் விழுந்தாலும் கொஞ்சம் தள்ளி நிற்பவன் சும்மா நிற்பான். அபாய மணி அடித்துவிட்டாலோ எங்கிருந்தோ ஆள் வந்துகொண்டே இருக்கும். பல பேர் சேர்ந்து ஆடவும் வழியில்லை. 2003-ல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் சேமிப்பும் கூட்டாட்டமும் சேர்த்தார்கள், அதற்குள் கூட்டம் கவுண்டர் ஸ்ட்ரைக்குக்குப் போய்விட்டது.

கவுண்டர் ஸ்ட்ரைக்கைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் எனக்குத் தெரிந்த தொழில் இருக்கிறது. ஐவருக்கு ஐவர். ஒரு அணி குண்டு வைக்கும், மற்றது தடுக்கும். பெரும்பாலான சுற்றுகள் இரண்டு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். வெளியே இருந்து பார்ப்பவர் சுடுவதை மட்டும்தான் பார்க்கிறார். உள்ளே ஒரு கணக்குப் புத்தகம் ஓடுகிறது. தொடங்கும்போது ஒவ்வொருவன் கையிலும் 800 டாலர் (ஆட்டத்து டாலர்தான்). அதில் நல்ல துப்பாக்கி வாங்க முடியாது, ஏ.கே.-47 ஒன்றே 2700. கவசமும் தலைக்கவசமும் 1000. ஜெயித்தால் 3250 வரும். தோற்ற அணிக்கும் ஆறுதல் தொகை உண்டு, தொடர்ந்து தோற்கத் தோற்க அது 3400 வரை ஏறும். ஆகவே தோற்ற சுற்றில் கையில் இருப்பதையெல்லாம் கொட்டி அரைகுறைத் துப்பாக்கி வாங்குகிறவன் அடுத்த சுற்றிலும் அடி வாங்குவான். விவரமுள்ள அணி ஒரு சுற்றை வேண்டுமென்றே வெறுங்கையோடு விட்டுக்கொடுத்து, பணம் சேர்த்து, அடுத்ததில் ஐவரும் முழுதாக இறங்கும். கையில் மிச்சம் உள்ளவன் இல்லாதவனுக்குத் துப்பாக்கி வாங்கிப் போடுவான், வட்டி கிடையாது. சுக்கு விலை சரியும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்காரத் தெரியாமல் அழிந்த வியாபாரிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பாடத்தை என் பேரன் 13 வயதில் கற்றிருக்கிறான் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவன் ஆடுவதும் இதே ஐவர் வகையில் ஒன்று. அதன் பெயர் இங்கே வேண்டாம்.

கண்ணுக்கும் கைக்கும் நல்லது என்று சொல்லுகிறார்களே, அது உண்மையா என்று தேடினேன். அமெரிக்காவில் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷான் கிரீன், டாஃப்னி பாவெலியர் இருவரும் 2003-ல் 'நேச்சர்' இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். இந்த ஆட்டங்களே ஆடிப் பழகாதவர்களில் ஒரு குழுவை 'மெடல் ஆஃப் ஹானர்' என்ற துப்பாக்கி ஆட்டத்தையும், மற்றொரு குழுவை 'டெட்ரிஸ்' என்ற கட்டை அடுக்கும் ஆட்டத்தையும் தினம் ஒரு மணி வீதம் 10 நாள் ஆடவைத்தார்கள். ஒரே பார்வையில் பல பொருளைக் கவனிக்கும் திறன் முதல் குழுவுக்கே அதிகம் கூடியிருந்தது. ஒன்று கவனிக்கணும்: அது தினம் ஒரு மணிதான். அஞ்சு மணி ஆடினால் அஞ்சு மடங்கு என்று அதில் சொல்லவில்லை.

இந்த ஆட்டத்துக்குக் கணிப்பொறியே ஏன், டி.வி.யில் மாட்டும் பெட்டியோ செல்போனோ போதாதா என்றால், காரணம் மவுஸ். குறி பார்ப்பதற்கு மணிக்கட்டின் சிறு அசைவு போதும். கட்டைவிரலால் குச்சியைத் தள்ளிக் குறிபார்ப்பவன் மவுஸ்காரனிடம் நிற்க முடியாது. அதனால்தான் பெட்டியில் ஆடுகிறவர்களுக்கு ஆட்டமே கொஞ்சம் குறியை இழுத்துக் கொடுத்து உதவுகிறது. ஆனால் அதே மவுஸ்தான் என்னைப் படுத்தியது. பேரன் திரும்பும் வேகத்தைப் பத்து நிமிஷம் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றி வாந்தி வருவது போல ஆகிவிட்டது. வயசு என்று நினைத்தேன், வயசு மட்டும் இல்லை. 'நகர்கிறோம்' என்று கண் சொல்கிறது, 'இல்லை, உட்கார்ந்திருக்கிறோம்' என்று காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்கிறது. இரண்டும் முரண்படும்போது வயிறு புரளும். மலைப்பாதை பஸ்ஸில் வருவது இதன் மறுபக்கம்.

இனி குறைகள். கொலை விஷயத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பெற்றோர்கள் அதையே பார்த்துக்கொண்டு மற்றவற்றைக் கோட்டை விடுகிறார்கள்.

நேரம் ஒன்று. பழைய ஆட்டத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் உலகம் நிற்கும். இப்போதைய கூட்டாட்டத்தில் எதிரே இருப்பதும் மனிதர்கள். நினைத்த நேரத்தில் நிறுத்த முடியாது. நடுவில் எழுந்தால் தன் அணியில் நால்வர் மாட்டிக்கொள்வார்கள், எழுந்தவனைக் கொஞ்ச நேரம் ஆட்டத்துக்கே சேர்க்க மாட்டார்கள். ஆக, என் பேரன் சொன்ன பெனால்ட்டி பொய்யில்லை. ஒரு ஆட்டம் அரை மணியிலிருந்து முக்கால் மணி. மருமகளுக்கு இதை விளக்கியதும் பாதி சண்டை ஓய்ந்தது: ஐந்தேகாலுக்கு மேல் புது ஆட்டம் தொடங்கக் கூடாது, அவ்வளவுதான். இதை முதலிலேயே யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

பேச்சு ஒன்று. காதில் மாட்டிய கருவி வழியே முன்பின் தெரியாதவர்கள் பேசுவதை நான் ஒருநாள் வாங்கிக் கேட்டேன். இந்தியிலும் மலையாளத்திலும், சொல்ல வெட்கம், நம் செந்தமிழிலும் வந்த வசவுகள் எங்கள் பஜாரில் லாரி ஏற்றும்போதுகூடக் கேட்டதில்லை. பேரன் அமைதியாக, "மியூட் பண்ணிடலாம் தாத்தா" என்று ஒரு பொத்தானைக் காட்டினான். அந்தப் பொத்தான் இருப்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

பணம் ஒன்று. துப்பாக்கிக்கு வண்ணச் சட்டை விற்கிறார்கள், 'ஸ்கின்' என்று பெயர். அதனால் குறி ஒரு நூல்கூடக் கூடாது. கவுண்டர் ஸ்ட்ரைக்கில் 2013 முதல் இவை மூடிய பெட்டியாகவும் வருகின்றன. சாவியைக் காசு கொடுத்து வாங்கித் திறக்கணும், உள்ளே என்ன என்பது அதிர்ஷ்டம். இதை நான் சூதாட்டம் என்றுதான் சொல்வேன். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. போட்டி விளையாட்டுகளுக்கு அதில் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள், துப்பாக்கி ஆட்டம் என்பதற்காகத் தடை இல்லை. ஏமாற்றுவேலையும் உண்டு: சுவருக்குப் பின்னால் இருப்பவனைக் காட்டும் மென்பொருள், தானே குறி பார்க்கும் மென்பொருள் என்று திருட்டுச் சரக்கு நடமாடுகிறது. அதைப் பிடிக்க 'வேலரன்ட்' போன்ற ஆட்டங்கள் கணிப்பொறியின் அடிவேர்வரை இறங்கும் காவல் மென்பொருளை வைக்கின்றன. திருடனைப் பிடிக்க வந்தவனுக்கு வீட்டுச் சாவியையே கொடுப்பது எனக்கு அவ்வளவாகச் சம்மதமில்லை.

அடிமைத்தனம் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' சேர்ந்தது. 2022 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதிகம் ஆடுவது நோயில்லை. தன்னை அடக்க முடியாமல், மற்ற எல்லாவற்றையும் பின்னால் தள்ளி, கேடு வந்த பிறகும் விடாமல், ஏறக்குறைய ஒரு வருஷம் அப்படியே நீடித்தால்தான் அந்தப் பெயர். அந்த நிலையில் இருக்கும் பிள்ளையை அடிப்பதில் பிரயோஜனமில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸில் இதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. கேரளக் காவல்துறையும் 'டி-டாட்' என்ற பெயரில் மையங்கள் தொடங்கியிருக்கிறது, கொச்சியிலும் உண்டு.

இப்போது கொலை. இந்த ஆட்டங்கள் ஆடுபவன் நிஜத்தில் வன்முறைக்குப் போவானா? 1999-ல் அமெரிக்காவில் கொலம்பைன் பள்ளியில் சுட்ட மாணவர்கள் டூம் ஆடியவர்கள் என்பதிலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2015-ல், சிடுசிடுப்பும் முரட்டுத்தனமும் கூடுவதற்குத் தொடர்பு இருக்கிறது என்றது; 2020-ல், நிஜ வன்முறைக்கு இதைக் காரணம் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றும் தெளிவுபடுத்தியது. ஆக்ஸ்ஃபோர்டில் 14, 15 வயதுப் பிள்ளைகள் ஆயிரம் பேரையும் அவர்கள் பெற்றோரையும் வைத்து 2019-ல் வந்த ஆய்வில் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பு காணவில்லை. ஆகவே மகன் கேட்ட கேள்விக்கு விஞ்ஞானம் அவன் பக்கம்தான். ஆனால் மருமகள் கேட்டது அந்தக் கேள்வி இல்லையே! அவள் கேட்டது, நாளைக்கு என்ன செய்வான் என்பது அல்ல. இப்போது அவன் மனசில் என்ன நடக்கிறது என்பது. அதற்கு ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டாம், தமிழிலேயே விசாரித்திருக்கிறார்கள்.

ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான யசோதர காவியத்தின் கதை பலருக்கு மறந்திருக்கும். யசோதரன் என்ற அரசனுக்குக் கெட்ட கனவு. தாய் சந்திரமதி உயிர்ப்பலி கொடு என்கிறாள். உயிர்க்கொலை மாட்டேன் என்கிறான் மகன். சரி, மாவினால் கோழி செய்து அதை வெட்டு என்கிறாள். வெட்டுகிறான், அந்த மாக்கோழி கூவிக்கொண்டு விழுகிறது. உயிரே இல்லாத ஒன்றைக் கொன்றதற்காகத் தாயும் மகனும் மயிலாகவும் நாயாகவும் தொடங்கிப் பல பிறவி அல்லல்படுகிறார்கள். சிறுவயதில் எங்கள் ஊரில் இந்தக் கதையைக் கேட்டபோது, மாவை வெட்டினதுக்கு இவ்வளவா என்று எனக்கே தோன்றியதுண்டு.

சமண நூல்களில் கொலையை இரண்டாகப் பிரிப்பார்கள். திரவிய ஹிம்சை, உயிரை உண்மையில் வதைப்பது. பாவ ஹிம்சை, எண்ணத்தால் வதைப்பது. இங்கே 'பாவ' என்றால் புண்ணியத்துக்கு எதிரானது அல்ல, மனோபாவம் என்கிறோமே அது. யசோதரன் வெட்டியது மாவை, ஆனால் ஓர் உயிருக்குப் பதிலாக, அந்தக் கொலையின் பலன் தனக்கு வரணும் என்று வெட்டினான். என் பேரன் அப்படி நினைப்பதில்லை. அவன் நோக்கம் சுற்றை ஜெயிப்பது. எதிரே 'செத்தவன்' அடுத்த நிமிஷம் எழுந்து சிரிக்கிறான். ஆகவே மாக்கோழி வழக்கை அப்படியே இவன்மேல் போட முடியாது. இது என் கருத்து, பெரியவர்கள் மறுக்கலாம்.

ஆனால் காவியத்தில் இன்னொரு இடம் இருக்கிறது, எனக்கு உறுத்துவது அதுதான். கடைசியில் அந்த இரு உயிரும் கோழிகளாகவே பிறக்கின்றன. அரசன் ஒருவன், ஒலியை வைத்தே குறி தவறாமல் எய்யும் தன் வித்தையைத் தேவிக்குக் காட்ட, கோழிகளின் குரல் வந்த திசையில் அம்பு விடுகிறான். பகையில்லை, பசியில்லை, திறமையைக் காட்டணும், அவ்வளவே. பேரன் காதில் கருவி மாட்டி, சுவருக்கு அந்தப் பக்கம் காலடி ஓசை கேட்டுச் சுட்டு, திரும்பி என்னைப் பார்த்து, "எப்படி தாத்தா!" என்றபோது எனக்கு அந்த அரசன்தான் ஞாபகம் வந்தான். கொலையில் ஆனந்தப்படுவதற்கு 'ஹிம்சானந்தி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஜெயித்த ஆனந்தம் எது, கொன்ற ஆனந்தம் எது என்பதை ஆடுபவனே பிரித்துப் பார்க்கப் பழகணும். சில ஆட்டங்கள் பிரிக்கவே விடாது. 2009-ல் வந்த 'மாடர்ன் வார்ஃபேர் 2'-ல், விமான நிலையத்தில் நிராயுதபாணிகளைச் சுடும் கும்பலோடு ஆடுபவனும் நடந்து போகிற கட்டம் ஒன்று உண்டு. வேண்டாம் என்றால் தாண்டிப் போகலாம் என்று அவர்களே முன்கூட்டிக் கேட்டுவிடுகிறார்கள். கேட்கவேண்டியிருந்தது என்பதே விஷயத்தைச் சொல்கிறது. 2002 முதல் 2022 வரை அமெரிக்க ராணுவமே 'அமெரிக்காஸ் ஆர்மி' என்று ஒன்றை இலவசமாகக் கொடுத்துவந்தது, ஆள் சேர்க்கத்தான்.

பெற்றோர்களுக்கு ஒரு வேலை: பெட்டியிலோ இணையப் பக்கத்திலோ வயதுக் குறி இருக்கும், பாருங்கள். 1994 முதல் அமெரிக்காவில் இருக்கும் முறையில் 'எம்' என்றால் 17 வயதுக்கு மேல். கவுண்டர் ஸ்ட்ரைக்குக்கு அந்தக் குறிதான். நாம் பார்ப்பதே இல்லை.

வழக்கு இப்படி முடிந்தது: கணிப்பொறி விற்கப்படவில்லை. பேரனுக்கு யசோதரன் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மாக்கோழி கத்தாம இருந்திருந்தா பாவம் இல்லையா தாத்தா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த நாள் பார்த்தால் ஆட்டத்தில் ரத்தம் தெரியவில்லை. அமைப்பில் போய் அவனே நிறுத்தியிருக்கிறான். நான் சொல்லவில்லை.

பதிலுக்கு எனக்கு ஒன்று கற்றுக்கொடுக்கிறான். 'போர்ட்டல்' என்று 2007-ல் வால்வ் வெளியிட்டது. இதுவும் தன்மைப் பார்வைதான், கையில் துப்பாக்கி போன்ற ஒன்றுதான். ஆனால் குண்டு இல்லை, சுவரில் இரண்டு வாசல் திறக்கும். ஒன்றில் நுழைந்தால் மற்றதில் வெளியே வரலாம். அதை வைத்துப் பூட்டிய அறைகளிலிருந்து தப்பிக்கணும், முழுக்கவும் மூளைக்கு வேலை. தினம் பத்து நிமிஷம், தலை சுற்றும்வரை ஆடுகிறேன். இப்போது 16-ம் அறை. அங்கே மூன்று காலில் நிற்கும் வெள்ளைக் காவல் இயந்திரங்கள் இருக்கின்றன. நம்மைக் கண்டால் சுடும், பின்பக்கமாகப் போய்த் தள்ளிவிட்டால் விழுந்து அணைந்துவிடும். அவை குழந்தைக் குரலில் பேசுகின்றன. விழும்போது நம்மைக் கோபித்துக்கொள்வதுகூட இல்லை. இரண்டு வாரமாக அந்த அறையிலேயே நிற்கிறேன். "சும்மா தள்ளுங்க தாத்தா, அது மெஷின்" என்கிறான் பேரன்.